தொட்டியம் கரையில் நிற்காத லாரி

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
18-11-1946

பினாங்கிலிருக்கும் நஜிமுதீன் அண்ணனுக்கு மெக்கானிக் பிலோமின்ராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் தம்பி ஜெகபர் சாதிக் முந்தாநாள் விடுதலையாகி வீடு வந்துவிட்டான். உடம்பில் காயமில்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தந்தியில் லாரி விபத்து என்று மட்டும்தான் இருந்திருக்கும். மீதியை நான்தான் எழுத வேண்டும்.

நீங்கள் தம்பிக்கென்று ஏலத்தில் எடுத்துக் கொடுத்த மிலிட்டரி லாரி நன்றாகத்தான் ஓடியது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. வேறு லாரி இறங்காத ஆற்றுப் படுகைக்குள்ளும் போய் வாழைத்தார் ஏற்றி வந்தது. ஐப்பசி மழையில், பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று சாதிக் சொன்னான். சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே சேறும் ஈரமும். துடைத்துக் காயவைத்து மாட்டியதும் சரியாயிற்று. சில நாளில், மிதித்தால் மெத்தென்று உள்ளே போகிறது என்றான். குழாய் மூட்டில் எண்ணெய் கசிந்து காற்று புகுந்திருந்தது. மூட்டை இறுக்கிக் காற்றை வெளியேற்றினேன். எண்ணெய் குறைந்துபோயிற்று. அதற்கென்று உள்ள பிரேக் எண்ணெய் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. மறுநாள் லோடு போக வேண்டும். என்ஜின் எண்ணெயை ஊற்றினேன்.

அது கூடாது என்று எனக்குத் தெரியும் அண்ணே. உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர் ஊறிக் கிழிந்து பிரேக் போய்விடும் என்று பட்டாளத்து வொர்க்‌ஷாப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம்தானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சாதிக் வந்து, “சக்கரம் கை வைக்க முடியாம சுடுதுண்ணே” என்றான். டிரம்மில் உரசும் பிரேக் ஷூ இறுக்கமாக இருக்கும் என்று தளர்த்தி அனுப்பினேன். உள்ளே திறந்து பார்க்கவில்லை.

ஆறாம் தேதி பகலில், தொட்டியத்தில், சாதிக் வாழைத்தார் ஏற்றி ஓட்டிவந்த வண்டி ஆற்றங்கரை மேட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும்போது பிரேக் மிதி அடியோடு உள்ளே போய்விட்டது. கைப்பிரேக்கும் பிடிக்கவில்லை. லோடு ஏற்றும் பிச்சமுத்து, சக்கரத்துக்கு அண்டக்கொடுக்கும் கட்டையோடு கீழே குதித்தான். கட்டையைப் போட்டான், அது சேற்றில் வழுக்கிவிட்டது. மறுபடி போடக் குனிந்தபோது சக்கரம் அவன்மேல் ஏறிவிட்டது. வண்டி புளியமரத்தில் மோதி நின்றது. பிச்சமுத்து அங்கேயே போய்விட்டான்.

டிரைவர் கண்ணயர்ந்துவிட்டான் என்று பேச்சு. போலீசார் அப்படியே எழுதி, சாதிக்கை முசிறிக்குக் கொண்டுபோனார்கள். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். வண்டியைச் சோதித்துச் சொல்ல என்னையே கூப்பிட்டார்கள். நாலு டிரம்மையும் கழற்றினேன். வாஷர்கள் ஊறிப் பருத்து, ஓரம் கிழிந்து, விரலில் பிசுபிசுத்தன. பக்கத்தில் நின்ற ஏட்டுக்கு அது என்னவென்றே தெரியாது. தூக்கி வாய்க்காலில் போட்டிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். ஒரு துணியில் முடிந்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். எண்ணெய் ஊற்றியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது பயமோ துக்கமோ வரவில்லை. இன்றுவரை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன். பட்டறையைப் பூட்டியிருக்கிறேன். என்மேல் வழக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிச்சமுத்துவின் மனைவியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, “அவரு கத்தினாருங்களா” என்று மட்டும் கேட்டாள். நான் அங்கே இல்லை என்றேன். “சரிங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

சாதிக் சாப்பிடுவதில்லை. உங்கள் தாயார் ஷரபுன்னிசா அம்மா ஊட்டினால் இரண்டு வாய் வாங்குகிறான். பாயில் உட்கார்ந்தபடி வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறான். இன்னும் ஓங்கி மிதித்திருந்தால் நின்றிருக்கும் என்கிறான். எப்படி மிதித்தாலும் நின்றிருக்காது என்று நேற்றும் இன்றும் போய்ச் சொன்னேன். அவனை விடுவிப்பதற்காக நான் பழியை ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறான். உங்கள் தாயாரும் அப்படியே நினைத்து, நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு துஆ செய்தார்கள். அப்படியில்லை என்று நான் சொன்னால் நம்பவில்லை.

நீங்கள் எழுதினால் நம்புவார்கள். நான் எழுதியதில் எதையும் குறைக்காமல் அவனுக்கு எழுதுங்கள். ஆண்டவன் உங்கள் வீட்டாரைக் காப்பாற்றட்டும். பதிலை அவன் பெயருக்கே போடுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அ. பிலோமின்ராஜ்