காலிஃபிளவர் நிரபராதி

வீட்டு டாக்டருக்கு,

பின்கதவுச் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. சாதம் குக்கரில். வாணலியில் மூடி வைத்திருப்பது காலிஃபிளவர். ஆமாம், காலிஃபிளவரேதான்! கத்தாதீர்கள், முழுசாகப் படியுங்கள்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தைராய்டு அளவு இன்னும் சரியாகவில்லை என்றதும் அழுகையே வந்துவிட்டது. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. காலிஃபிளவர் உட்பட, நீங்கள் போனைப் பார்த்துத் தடை போட்ட காய் எதையும் தொட்டதில்லை. டாக்டரம்மா, "மாத்திரைய எதோட போடுறீங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் தண்ணியையும் காபியையும் ஒண்ணா நீட்டுவாரு" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "காபியும் கூடவே போனா குடல் அந்த மருந்த சரியா உறிஞ்சாதும்மா. வேக வச்ச காலிஃபிளவர் அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது."

அப்புறம் எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நேற்று "உனக்கு உன் உடம்பு மேல அக்கறையே இல்ல" என்று கத்தினீர்களே, அது மட்டும் இன்னும் உறுத்துகிறது. நான் சுருண்டு சுருண்டு படுத்தது தைராய்டு அசதி, சோம்பேறித்தனம் இல்லை, புரிகிறதா?

டிப்போவில் என் பஸ்ஸை எடுக்க நேரமாகிவிட்டது. ராத்திரி பேசலாம்.

பி.கு.: நாளையிலிருந்து எனக்குக் காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

இன்னொன்று: அந்த ஒரு மணி நேரமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், புருஷன் வெறும் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்வாராம்.