விரல் பருமன் மணல்

கடலுக்குப் பயந்து கண்டியில் குடியிருக்கும் என் மருமகளுக்கு ஸலாம்.

சண்டை முடிந்ததால் பெரிய படிப்பாளிகள் நம் கடலோரக் களப்புக்கு வந்திருக்கிறார்கள். ஆதிகாலத்து மழையையும் வெயிலையும் சேற்றில் பார்த்து அறிகிறார்கள். நான் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. சேறு எடுக்கும் குழாயைத் தண்ணீருக்கு அடியில் இறக்குவதே நான்தான்! கருஞ்சேறு என்றால் நல்ல மழை, வெளிறிய சேறு வறட்சி. அவர்களுக்குத் தலைவியான மிஸ்ஸிடம் நூஹ் நபி காலத்து வெள்ளம் எதுவென்று கேட்டேன், அடுத்த குழாயை இறக்கச் சொன்னார்.

குழாயில் வந்த சேற்றின் மேலே விரல் பருமனில் வெள்ளை மணல் இருந்தது.

“இது சுனாமி, காக்கா.” மிஸ் என்னை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்.

“வடிவா அளந்து பாருங்க மிஸ். என்ட கூடப்பொறந்த ராத்தாவக் கொண்டுபோனது இவ்வளவுதானா?”

அதற்குக் கீழே ஒரு முழத்துக்கு வெறும் சேறு. அத்தனை காலம் கடல் சும்மா கிடந்திருக்கிறது. பெருநாளுக்கு உன் உம்மாதான் இல்லை, நீயுமா இல்லை?

கடல் இனி வராது என்று மிஸ் சொல்லவில்லை, மகள். நான் சொல்கிறேன். வா.

உன் மாமா