கையால் திருத்திய கோப்பு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

இனி என் விஷயம். காது கேட்கும் கருவிக்காக நாம் செய்த சிப் ஆலையிலிருந்து வந்து, பேச்சைக் கேட்கச் சொன்னால் கரகரவென்று இரைகிறது. நேற்றைய கூட்டத்தில் மேலாளர், "அந்தம்மா பேச்சைக் கேட்டு பங்ஷனல் மொழியில சிப் பண்ணோம் பாருங்க, நம்மளத்தான் சொல்லணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மொழியில் நான் சிப்பை எழுதினால், மென்பொருள் கருவியே அதை ஆலைக்குப் போகும் வெரிலாக் நிரலாக மாற்றித்தருமே, அந்த நாலு வருட வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இனி பழையபடி வெரிலாக்கில் வரி வரியாகக் கையால் எழுதப் போகிறார்களாம். என் குழுவையும் கலைக்கிறார்களாம். சோதனைக் குழுவின் தலைவன் நீ, எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். வாயில் என்ன கொழுக்கட்டையா?

இராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை. காலையில் போய், நான் எழுதியதை அந்த மென்பொருள் கருவியில் போட்டு மறுபடியும் வெரிலாக்காக மாற்றினேன். ஆலைக்குப் போன கோப்போடு ஒப்பிட்டேன். ஒரே ஓர் இடத்தில் வித்தியாசம். யாரோ கையை வைத்திருக்கிறார்கள். யாரென்று உனக்குத் தெரியுமா?

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான்.

ஆலைக்கு அனுப்ப வேண்டிய நாள். ஒரு பாதையில் மட்டும் சிக்னல் நேரத்துக்குள் வந்து சேரவில்லை. நீ உன் மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். வெரிலாக் கோப்பிலேயே, பாதையின் நடுவில், சிக்னலை ஒரு துடிப்பு பிடித்துவைக்கும் ஒரு ரெஜிஸ்டரைச் செருகினேன். சின்னச் சோதனை ஓடியது, போதும் என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பாதை ஒரு கடிகாரத் துடிப்பு பிந்தும், அதோடு சேர வேண்டிய பக்கத்துப் பாதையையும் அதே அளவு நிறுத்தி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

உன்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய். சொல்லக் கூசுகிறது. கூப்பிட்டால் உன் மொழியில் இருக்கும் மூலத்தில் திருத்தச் சொல்வாய். அக்கா, உன் மொழியை எனக்குப் படிக்கவே தெரியாது. நாலு வருடமாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். நீ மளமளவென்று சொல்லிக்கொண்டே போவாய். எல்லோர் முன்னாலும் சொந்த அக்காவிடம் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

நீ கெட்டிக்காரி, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய். எனக்கு இந்த இடத்தை விட்டால் வேறில்லை. இந்த ஒரு தடவை விட்டுக்கொடு.

உன் தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

கெட்டிக்காரியாமே! பழியைத் தலையில் கட்டுவதற்கு என்ன அழகான பட்டம்!

அந்தக் கோப்பின் முதல் வரியில் 'கருவி எழுதியது, கையால் திருத்த வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்க என் மொழி தெரிய வேண்டியதில்லை. இதே திருத்தத்தை என் மூலத்தில் செய்திருந்தால், இரண்டு பாதைகளும் ஒரே துடிப்பில் சேரவில்லை என்று கருவியே மூஞ்சியில் அடித்தாற்போல் மறுத்திருக்கும். அதற்காகத்தானடா அந்த மொழி!

அதைக்கூட மன்னிப்பேன். என் மூலத்தின் ஒவ்வொரு பரிசீலனையிலும் 'படித்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டாயே, அதை எங்கே கொண்டு போய் வைப்பது? வேறு யாராவது போட்டிருந்தால் நான் இன்னொருவரிடமும் காட்டியிருப்பேன். என் தம்பி போட்டது என்று நம்பினேன்.

இரண்டு கோப்புகளையும் வைத்து அறிக்கை எழுதிவிட்டேன். ஆலைக்கு அனுப்பும் முன் ஒப்பிட்டுப் பார்க்காதது என் தவறு என்றும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலாளரிடம் கொடுப்பேன். ஒன்பதரைக்கு நீயே போய்ச் சொல்லிவிடு. அந்த அரை மணி நேரம்தான் என்னால் விட்டுக்கொடுக்க முடிந்தது.

அக்கா


மார்ச் 10, திங்கள்

தம்பிக்கு,

ஒன்பதரையிலிருந்து மேலாளர் அறை வாசலில் நின்றேன். லிப்ட் திறக்கும்போதெல்லாம் நீதானோ என்று பார்த்தேன். பத்தரை வரை பார்த்தேன். பிறகு உள்ளே போய்க் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு தடவை படித்தார். "கூடப் பொறந்த தம்பியாச்சே, யோசிச்சீங்களா?" என்று கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வீட்டுக்கு வா. அம்மா உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கதவை நான் திறக்க மாட்டேன், என் மகள் திறப்பாள்.

அக்கா