பஸ்சில் எனக்குத் தமிழ் தெரியாது

2000 ஜூன் 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடையில் இரண்டு கம்பி போய்விட்டது. என்னோடு டவுன் ஸ்கூலுக்கு வரும் மகள் செல்விக்கு முக்கால் குடை, எனக்குக் கைப்பிடி.

குருவிட்டயில் பஸ் வருமுன் வழக்கம்போல் லேஞ்சியால் நெற்றித் திருநீற்றைத் துடைத்தேன். போன வருஷம் அதைப் பார்த்துத்தான் செக்பொயின்டில் என்னை மட்டும் இறக்கி ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். அன்று முதல் பஸ்சில் நான் தமிழ் பேசுவதில்லை. செல்வி பேசுவதும் என் காதுக்குள்தான். டிரைவர் தலைக்கு மேல் புத்தரும் பிள்ளையாரும், இருவருக்கும் ஒரே மின்மாலை. பிள்ளையார் நெற்றியில் முழுப் பட்டை. அவரை யாரும் இறக்குவதில்லை.

பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். தோளில் காய்ச்சல் பிள்ளை. "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு எங்கண்ணே எறங்கணும்?"

முன்சீட்டில் இரண்டு ஆமிக்காரர்கள். "தன்னே நே" என்றேன். சிங்களத்தில், தெரியாது. பதினாறு வருஷமாக அதே ரோட்டில் டவுன் கடைக்கு வேலைக்குப் போகிறவன்.

ஆஸ்பத்திரி ஹோல்ட் வந்தது, போனது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி.

டவுனில் இறங்கி அவள் மழையில் யார் யாரிடமோ கேட்டாள். கடைக்கு நேரமாச்சு என்று செல்வியை இழுத்துக்கொண்டு நடந்தேன். நேரம் நிறையவே இருந்தது.

ஜூன் 6, செவ்வாய்

மழை. வாங்க: சீனி, மண்ணெண்ணெய், செல்விக்குக் கணக்கு எழுதச் சதுரக் கோட்டுக் கொப்பி. கொப்பி மறந்தேன்.

"அப்பா, அந்தப் பாப்பாவுக்கு காய்ச்சல் விட்டிருக்குமா?" செல்விதான். வீட்டில், சத்தமாக, மனைவி முன்னால். எல்லாம் வெளியே வந்தது. மனைவி ஏசவில்லை. "பயந்தது சரிங்க. கையாலயாச்சும் காட்டியிருக்கலாமே" என்றாள்.

கை இருப்பது ஞாபகமே வரவில்லை.

ஜூன் 7, புதன்

பஸ்சில் அவள் இல்லை. நிம்மதி. அப்புறம் அந்த நிம்மதிக்கும் சேர்த்து வெட்கம்.

ஜூன் 8, வியாழன்

பஸ்சில் மூச்சு விட இடமில்லை. அவளேதான், நடுவில், பிள்ளையோடு. சீட்டிலிருந்த சிங்கள அம்மா ஒருவர் "தென்ன, தென்ன" என்று கை நீட்டிப் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். கண்ணாடியில் ஆவி. அவளுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஹோல்ட் நெருங்குகிறது. கதவருகில் ஓர் ஆமிக்காரர்.

"தங்கச்சி! அடுத்தது ஆஸ்பத்திரி! முன்னுக்கு வாங்க!"

என் குரல்தான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆமிக்காரர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், நகர்ந்து வழி விட்டார்.

பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தவள் என்னிடம் நின்றாள். திங்கட்கிழமை ஆள் என்று அடையாளம் தெரிந்திருக்கிறது. "புண்ணியமா போகும் மாத்தயா. அன்னைக்குத் தாண்டிப் போயி, திரும்ப நடந்து வந்தா நம்பரு முடிஞ்சிருச்சு. இன்னைக்கு வரச் சொல்லிட்டாங்க." பிறகு சிரித்தாள். "சிங்கள ஆளு, எம்புட்டு நல்லா தமிழ் பேசுறீங்க! எங்க படிச்சீங்க?"

தலையாட்டித் தப்பியிருக்கலாம். செல்வி என் முகத்தையே பார்த்தாள்.

"எங்கம்மாகிட்ட" என்றேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ அன்னைக்கு?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள்.