வேறொரு கருவியில் ஒலிக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

தம்பியின் பாட்டுச் சந்தா இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி அவன் பெயருக்கே மின்னஞ்சல் வந்திருக்கிறது. ‘உங்களுக்காகப் புதிய பாடல்கள் காத்திருக்கின்றன.’ அவன் போய்ச் சேர்ந்ததை இவர்களுக்கு யார் சொல்வது?

புதுப்பிக்காவிட்டால் அவன் விட்டுப்போன பாட்டுப் பிளேயரில் இருக்கிற பாட்டெல்லாம் பூட்டிக்கொள்ளுமாம். அம்மா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் தைக்கிறாள். கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது எல்லாம் அவன் பாட்டுகளின் துணையில்தான். அவன் இருந்தபோது அவளுக்கு அதில் ஒன்றுகூடப் பிடிக்காது.

மார்ச் 4, புதன்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் அக்காவிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள்.

“சந்தாங்கறது வாடகை வீடு. ஆயிரம் ரூம் இருக்கும், ஒரு ஆணி அடிக்க முடியாது. விலைக்கு வாங்கி இறக்கிக்கிட்டா நாலு பாட்டானாலும் சொந்த வீடு.”

“ஒழுகினா?”

“நம்ம வீடு நம்ம தலையில ஒழுகும். அதுக்கென்ன?”

சிரித்துவிட்டேன். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நான் சிரித்து ரொம்ப நாளாகிறது போல.

இறக்கிக்கொள்வது என்றே வைத்துக்கொள்வோம். எந்தப் பாட்டெல்லாம் வேண்டும் என்று அம்மாவைக் கேட்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

கேட்டேன். தையல் மெஷின் நின்றிருந்தது. ஊசிக்கு அடியில் பாதி தைத்த துணி. அம்மாவின் காதில் இயர்போன், பார்வை சுவரில்.

“என்னம்மா, பாட்டு ஓடலையா?”

“அவன் கேக்கறான். முடிக்கட்டும்.”

பிளேயரை வாங்கிப் பார்த்தேன். திரையில் ஒரே வரி: இந்தக் கணக்கு வேறொரு கருவியில் ஒலிக்கிறது.

ஒரு சந்தாவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். இன்னொரு கருவியில் யாராவது தொடங்கினால் இது நின்றுவிடும். எவ்வளவு நாளாக இப்படி என்றேன். “கொஞ்ச நாளா வரான்” என்றாள். ஊரிலிருந்து யாரோ வந்திருப்பதைச் சொல்வதுபோல.

என் போனில் அவன் கணக்கைத் திறந்தேன். அந்த வேறொரு கருவியின் பெயர் இருந்தது. சின்னது.

மார்ச் 9, திங்கள்

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். தம்பியிடம் இரண்டு பிளேயர்கள் இருந்தன. அம்மாவிடம் இருப்பது பெரிசு. தீப்பெட்டி அளவில் இருந்த மற்றதற்குச் சின்னது என்று அவன்தான் பெயர் வைத்தான். அது ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

ஆக, எவனோ எடுத்திருக்கிறான். செத்தவன் சொத்தில் பாட்டுக் கேட்கிறான். கோபம் வருகிறது. அதைவிட அதிகமாக நிம்மதி வருகிறது. திருடனுக்குப் பயப்படுவது எவ்வளவு சுலபம்!

கணக்கில் ஒரு பொத்தான் இருக்கிறது: ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு.’ ஒரு தொடல், அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

தொடவில்லை. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே ஒரு பாட்டும் முடிவதில்லை. கடைசிப் பல்லவி தொடங்கும்போதே அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. தம்பியும் அப்படித்தான். “முடியறதைக் கேட்டா ஒரு மாதிரி இருக்குக்கா.” சின்ன வயதில் எங்களுக்கு ஒரே அறை. ஒரு பாட்டு முழுதாக ஓடி முடிந்தால் அவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். நான் என் படுக்கையிலிருந்து எழுந்து, சத்தம் வராமல் அவன் கட்டில்வரை நடந்து போய் நிறுத்துவேன்.

உலகத்தில் அவன் ஒருவன்தான் பொறுமை இல்லாதவனா? திருடனுக்கும் அவசரம் இருக்காதா?

மார்ச் 14, சனி

எதிர்வீட்டு நர்ஸ் தன் சீருடையைக் கேட்டு வந்தாள். “நானும் நடையா நடக்கறேன். உங்கம்மா மெஷினைப் பாக்கறாங்க, மெஷின் உங்கம்மாவைப் பாக்குது. என் துணியைத்தான் யாரும் பாக்கல.” தைக்காமலே வாங்கிக்கொண்டு போனாள். போன வாரமும் ஒருவர் இப்படித்தான் எடுத்துப் போனார்.

சாப்பாடும் அப்படித்தான். கையில் சோற்றை எடுத்தபடி, பாட்டு திரும்பி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அம்மாவும் அந்தச் சுவருக்குள் போய்விடுவாள். நாளைக்கு அந்தப் பொத்தானைத் தொட்டுவிடுவேன்.

மார்ச் 15, ஞாயிறு

தொடுவதற்கு முன் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“சின்னதை யாரோ ஆஸ்பத்திரியில திருடியிருக்காங்கம்மா. அவன்தான் கேக்கறான். நிறுத்திடட்டுமா?”

அம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

“யாரும் திருடல. நான்தான் அவன் சட்டைப் பாக்கெட்டுல வெச்சேன். கல்லறைக்குக் கொண்டுபோறப்ப, பெட்டியை மூடறதுக்கு முன்னாடி.”

“யாராவது எடுத்திருப்பாங்கம்மா, மூடும்போது…”

“எப்படி எடுப்பாங்க? நழுவிடக் கூடாதுன்னு பாக்கெட் வாயைத் தைச்சுட்டேனே. ரெட்டைத் தையல்.”

மார்ச் 16, திங்கள்

சின்னதின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தேடிப் பார்த்தேன். எதற்காகத் தேடினேன்?

மார்ச் 19, வியாழன்

இந்த மாதிரிப் பேய்க்கதைகளை எத்தனை படித்திருப்பேன்! ‘கதவைத் திறக்காதேயேன்’ என்று அந்த ஆட்களைத் திட்டியும் இருக்கிறேன். மூடுவதுதான் கஷ்டம் என்று எந்தக் கதையும் சொன்னதில்லை.

ஒரு வழி தோன்றியது. அம்மாவுக்குப் பிடித்தவற்றை விலைக்கு வாங்கிப் பெரிசில் இறக்கிவிடுகிறேன். அதற்குச் சந்தா வேண்டாம், இணையம் வேண்டாம், பாதியில் நிற்காது. சந்தா அவனிடமே இருக்கட்டும்.

லென்ஸ் அக்காவுக்குப் புரியவில்லை. “சொந்த வீடும் வாங்கிட்டு வாடகையும் கட்டுவியா? யாரு இருக்கா அந்த வீட்ல?”

“ஒருத்தர் இருக்காங்கக்கா.”

ஏதோ கேட்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

பலித்துவிட்டது. அம்மாவின் மெஷின் காலையிலிருந்து ஓடுகிறது. நர்ஸின் சீருடையைத் தானே போய்க் கேட்டு வாங்கி வந்தாள். நடுவில் மட்டும், தலையைத் தூக்காமல், “என்ன கேக்கறான்?” என்கிறாள். போனைப் பார்த்துச் சொல்கிறேன்.

எப்போது கேட்டாலும் உடனே சொல்ல முடிகிறது. அதாவது, எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

ஒரு பெரியவருக்கு வலது கண் பவரை இடதிலும் இடதை வலதிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லென்ஸ் அக்கா வெட்டுவதற்கு முன் கண்டுபிடித்தாள். என் மூக்குக்கு நேராக விரலைச் சொடுக்கினாள். “எங்கடி இருக்க நீ?”

சுவருக்குள், என்று சொல்லியிருக்கலாம்.

மார்ச் 28, சனி

புதுப்பிக்கச் சொல்லி மறுபடி மின்னஞ்சல். புதுப்பித்தால் இன்னும் ஒரு வருஷம் இப்படி உட்கார்ந்திருப்பேன். புதுப்பிக்காவிட்டால் - அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பாதியில்… எப்படிடா நிறுத்துவேன்? நீயாச்சும் சொல்லேன்.

மார்ச் 29, ஞாயிறு

மத்தியானம். அம்மா திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் போனோடு. அங்கே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மெதுவான பாட்டு. கடைசிப் பல்லவி வந்தது. மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. குரல் ஓய்ந்தது, வாத்தியம் தேய்ந்தது, நகர்ந்துகொண்டிருந்த புள்ளி கோட்டின் முனைக்குப் போய் நின்றது. அடுத்தது எதுவும் வரவில்லை.

மெஷின் நின்றது. அம்மா இயர்போனைக் கழற்றினாள். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“முழுசா ஓடிச்சா?”

“ஓடிச்சும்மா.”

“தூங்கிட்டான்” என்றாள். இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டு, துணியைத் திருப்பிப் போட்டு, தைக்க ஆரம்பித்தாள்.

போன் என் கையில்தான் இருந்தது. இருந்த இடத்திலிருந்தே அந்த ‘வெளியேறு’ பொத்தானைத் தொட்டிருக்கலாம். எழுந்தேன். சத்தம் வராமல், அவன் கட்டில் கிடந்த மூலைவரை நடந்து போய் நிறுத்தினேன்.