வால்பேப்பரில் ஓடிய லினக்ஸ்

மகள் இன்று தன் லேப்டாப்பைக் கடை மேசையில், வத்தல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நான் ஓரடி பின்வாங்கினேன்.

"அப்பா, வைரஸ் ஒண்ணும் இல்ல கேட்டோ. லினக்ஸ். உங்க போனுக்குள்ளயும் இதுதான் இருக்கு."

வைரஸுக்கு யார் பயந்தார்கள்? எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது, சிநேகிதா.

சனிக்கிழமைகளில் நீ ஆபீஸ் விட்டு நேரே ஆரியசாலைக்கு, என் கடைக்கு வருவாய். என் கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றியவன் நீ. பத்தாங்கிளாஸோடு நின்றவனுக்கு அதன் குலம் கோத்திரம் எல்லாம் விளக்கினாய். "யூனிக்ஸ் பெரிய தறவாடுடே, பூர்வீகக் குடும்ப வீடு. மேக் அங்கேயுள்ள பணக்கார மருமவன். லினக்ஸ் இருக்கானே, தறவாட்டுல ஒரு செங்கல் எடுக்காம, அதே சாயல்ல சொந்தமா வீடு கட்டினவன்."

"அப்போ விண்டோஸ்?"

"எதிர்வீடு. போக்குவரத்து கிடையாது."

படித்தவர்களின் மேசையோடு இது நின்றுவிடக் கூடாது என்பதுதான் உன் ஒரே ஆசை. உங்கள் லினக்ஸ்காரர்களின் மாதக் கூட்டத்தில் 'சாதாரண ஜனங்கள் இதை எங்கே தொடப் போகிறார்கள்' என்று யாராவது கேட்டால், என்னைத்தான் சொல்வாயாம். "ஒரு வத்தல் கடைக்காரன் தினமும் ஓட்டுகான். அவனுக்கு முடியும்னா ஊருக்கே முடியும்." என் மூளையைப் பற்றி யாரும் இத்தனை பேரிடம் பேசியதில்லை.

ஒரு ஓணச் சமயத்தில் பில் பிரிண்டர் மக்கர் செய்தது. உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கடை நிறைய ஆள். நான் வேறொருவனைக் கூப்பிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டேனா? அழிக்கும் முன் உன் லினக்ஸ் திரையை அப்படியே படமெடுத்து, நீ வந்தால் தெரியாதிருக்க அதையே வால்பேப்பராக வைக்கச் சொன்னேன். அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை நீ வந்து உட்கார்ந்தாய். திரையில் ஒரு ஐகானை அமுக்கினாய். திறக்கவில்லை. மறுபடியும் அமுக்கினாய். மூன்றாவது தடவை அமுக்கும்போது திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

"கரண்டு போயிட்டு வந்துதுல்லா, ஹேங் ஆயிருக்கும்" என்றேன்.

"செரிடே. களைச்சிருக்கும், விடு" என்று எழுந்து சாயா குடிக்கப் போனாய். அதற்குப் பிறகு நீ அந்த மேசைப் பக்கம் உட்காரவே இல்லை.

போன வருஷம் உன் நினைவுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் பேரையும் கடையையும் சொன்னதும் உன் கூட்டாளி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வத்தல் கடைக்காரர் நீங்கதானா! சார் கடைசி மீட்டிங்லயும் உங்களைத்தான் சொன்னார்."

கடைசி மீட்டிங்கிலும். எல்லாம் தெரிந்த பிறகும்.

மேடையில் ஏற்றிக் கேட்டார்கள்: "உங்க கடையில லினக்ஸ் இப்பவும் ஓடுதா சார்?"

தொண்டை வரைக்கும் உண்மை வந்தது. நான் சொன்னேன்: "ஓடுது."

கை தட்டினார்கள். முன்வரிசையில் உன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டை மாற்றுகிறேன். உன் வீட்டுப் பக்கம், ஸ்ரீவராகம் குளம் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.