பிரதியில் வானம் தெளிவு

பதிவு 412. காலை 06:10
கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் சவேரியான், செவ்வாயைச் சுற்றும் இடைநிலையத்தின் ஒரே ஆள். பூமியின் இணையப் பக்கங்களையும் என் குரல் பதில்களையும் இங்குள்ள ப்ராக்ஸி என்ற இடைக்கணினி பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும்; கீழே குடியிருப்பில் யார் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கும். இன்று விதியை மாற்றினேன். பூமி பதில் தராவிட்டால் பழைய பிரதியையே கொடு, தொடர்பு வந்ததும் புதுப்பித்துக்கொள். ‘பழையது’ என்ற சிவப்புக் குறியையும் தூக்கிவிட்டேன். அதைப் பார்த்தாலே குரல் அனுப்பி என் உயிரை வாங்குகிறார்கள், என் தங்கை ஜெசிந்தா உட்பட. பூமியும் ஒப்புதல் தந்துவிட்டது. இனி நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம்.

பதிவு 415. காலை 09:40
சூரியன் சீறியதில் பூமிப் பக்கத்து ஆன்டெனா கருகிவிட்டது. கதிர்வீச்சு மானி ஏறுகிறது. பெரிய அலை இனிமேல்தான் வரும், மாலைக்குள். கீழே வானிலைப் பக்கத்தில் இன்னும் நேற்றைய பிரதி: ‘வானம் தெளிவு. வெளியே செல்லலாம்.’
இன்று பள்ளிப் பிள்ளைகள் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறார்கள். கூட்டிப்போகும் டீச்சர் ஜெசிந்தா.

10:05
எச்சரிக்கை அனுப்பினேன். போகவில்லை. என் செய்தி பூமியில் பதிவான பிறகுதான் கீழே இறங்கும். வதந்தி பரவக் கூடாதென்று போட்ட விதி. பிரதியை அழிக்கவும் பூமியின் ஒப்புதல் வேண்டும். கேட்டேன்.
‘கோரிக்கை கிடைத்தது. பரிசீலிக்கிறோம்.’
துள்ளிக் குதித்தேன். பிறகுதான் உறைத்தது. பூமிக்குப் போய்வர அரை மணி ஆகும்; இது ஒரு நொடியில் வந்துவிட்டது. போன மாதம் வேறெதற்கோ வந்த பதில். ப்ராக்ஸி எனக்கும் பழையதையே எடுத்துக் கொடுத்திருக்கிறது.

11:20
ப்ராக்ஸியின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். வானிலைப் பதில் வராவிட்டால் குடியிருப்பின் வெளிவாசல் திறக்காது. ஆனால் திறந்துவிட்டது. நான் செத்தாலும் அவர்கள் சிரமப்படக் கூடாதென்று கீழேயே ஓர் உதிரி ப்ராக்ஸி வைத்தவன் நான்தான். அதிலும் அதே பிரதிகள். என் கெட்டிக்காரத்தனத்தில் தீயை வைக்க.
கீழிருந்து வரும் குரலை வாங்கும் கருவி தனி. அவர்கள் பேசுவது மட்டும் கேட்கிறது.
“அண்ணே, ஜெசி பேசுறேன். வெளிய வந்துட்டோம். சின்னதுங்க மேல பாத்து ஒனக்குக் கைய ஆட்டுதுங்க.”

13:50
மானி உச்சத்தைத் தொட்டுவிட்டது. கத்திக்கொண்டே இருக்கிறேன். என் தொண்டைதான் போகிறது, குரல் இங்கிருந்து நகரவில்லை. கடவுளே, பிள்ளைகள்.
“அண்ணே, என் சட்டையில இருக்க மீட்டர் கத்துது. வானிலையக் கேட்டா தெளிவுன்னுதான் வருது. மீட்டர் கெட்டுப்போச்சு போல. எதுக்கும் ஒன்னயும் கேட்டுருவோம்னு கேட்டேன். ‘ஒண்ணும் பயமில்ல, நல்லா சுத்திக் காட்டிட்டு வா’ன்னு ஒடனே ஒன் கொரல் வந்துச்சு. நீ சொன்னா சரிதான். இன்னும் கொஞ்சம் உள்ள போறோம்.”
அது நேற்று சொன்னது ஜெசி. நேற்று. திரும்பு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்